விருந்துக்கு வந்த ஊர்

ஜேர்மனியில் ஊன்ட்றொப் அம்பாளின் தேர் முடிந்து மூன்றாம் நாள் விடியற்காலையில், ஹார்லோ பென்ட் என்ற அமெரிக்கச் சிறுநகரம் தன் கடைத்தெரு, தண்ணீர்த் தாங்கி, நீச்சல்குளம், ஆறு, ஆட்கள் எல்லாவற்றோடும் கமலநாயகியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த சோள வயலில் வந்து இருந்துவிட்டது. அந்தக் கிழமை ஸ்ட்ரோபெரி கிலோ ஐந்து யூரோ. மழை இல்லை. கால்வாயில் சரக்குப் படகுகள் வழக்கம்போலப் போய்வந்தன. தேருக்கு வந்த சனம் இன்னும் முழுதாகக் கலையாததால் முதல் அரை நாள் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. திருவிழாவுக்குப் போட்ட சேலைக்கடை, நகைக்கடைக் கொட்டில்களில் ஏதோ ஒன்று இன்னும் பிரிக்கப்படாமல் நிற்கிறதென்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். கொட்டிலுக்கு மூன்று மாடி இருப்பதை மட்டும் ஒருவர் கவனித்து, வருடத்துக்கு வருடம் வியாபாரம் பெருகிக்கொண்டுதான் போகிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஊர் வந்ததற்குக் காரணம் கமலநாயகி. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. வெள்ளைத் துணிகளை இயந்திரத்திலிருந்து எடுத்து மடித்து அடுக்க வேண்டும். கணவர் பரராசசிங்கம் கேபிள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். இருவருக்கும் வருடத்தில் ஒருமுறை மூன்று கிழமை லீவு சேர்ந்து கிடைக்கும். அந்த மூன்று கிழமையையும் கலியாணமான நாளிலிருந்து சொந்தக்காரர்கள் தின்று தீர்த்தார்கள். எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் ஒரு சோபாவிலிருந்து எழும்பி வேறு நாட்டில் இன்னொரு சோபாவில் போய் இருப்பது. கமலநாயகி லண்டனுக்குப் போய் மச்சாளின் குசினியில் வெங்காயம் வெட்டினாள். ரொறொன்ரோவுக்குப் போய்ப் பெரியம்மாவின் மகளுடைய குசினியில் வெங்காயம் வெட்டினாள். பாரிசுக்கு எத்தனை தரம் போனாள் என்பது அவளுக்கே நினைவில்லை, ஐஃபெல் கோபுரத்தை மட்டும் ஒருதரமும் பார்த்ததில்லை. குசினிச் சன்னலால் எட்டிப் பார்த்தால் தெரியும் என்றார்கள். சன்னலுக்கு முன்னால் வெங்காய மூட்டை இருந்தது.

பல் வைத்தியரிடம் காத்திருந்த ஒரு நாள், அங்கே கிடந்த சஞ்சிகையில் அவள் ஹார்லோ பென்டைக் கண்டாள். அமெரிக்காவில் விடுமுறைக்குப் போகத்தக்க சின்ன நகரங்கள் என்று சிலதைப் போட்டிருந்தார்கள். இந்த ஊருக்கு ஒரு கடைத்தெரு. ஓர் ஆறு வந்து வளைந்து, வேறு வேலை இருப்பதுபோல் திரும்பிப் போகிறது. செரிப்பழக் கேக்குக்குப் பேர்போன ஒரு கடை, பழைய பொத்தான்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம், சின்னதாக ஒரு ஹொட்டேல், அதற்குப் பின்னால் நீச்சல்குளம். அவ்வளவுதான். படத்தில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பதுபோல அவள் இரகசியமாக விசாரிக்கத் தொடங்கினாள், ஆனால் தலைகீழாக. அந்தப் பக்கம் எங்கடை ஆட்கள் யாரும் இருக்கிறார்களா? இல்லை. தமிழ்க்கடை? இல்லை. அவளோடு துணி மடிக்கும் கொறற்றிக்கு அமெரிக்காவில் பாதிரியாராக ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் இருந்தார், அந்த நாட்டில் அவருக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. அவரும் தேடிப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு மலையாளிகூட இல்லை என்று கவலையோடு சொன்னார். அன்றைக்கே கமலநாயகி ஹொட்டேலுக்குத் தொலைபேசி எடுத்து அறை பிடித்தாள்.

பரராசசிங்கத்திடம் சொன்னபோது அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப எங்கை தங்கிறது?"

"ஹொட்டேலிலை."

"உமக்கென்ன, சுகமில்லையோ?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. யாருக்கும் அக்காவாக, அன்ரியாக, மாமியாக, மச்சாளாக இல்லாமல் மூன்று கிழமை இருக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. தன்னைத் தெரியாத ஒரு தெருவில், கையில் பையோ பாத்திரமோ இல்லாமல் நடக்க வேண்டும். இதை அவள் சொன்னாள். அவரும் தலையாட்டினார். தலையாட்டிய அதே கிழமை, ஒஸ்லோவிலிருந்து அவருடைய தம்பி மகளின் சாமத்தியவீட்டுக்கு, பூப்புனித விழாவுக்கு, அழைப்பு வந்தது. கமலநாயகி வேலையால் வருவதற்கு முன்பே, வாறோம் என்று சொல்லி, பலகாரத்துக்கும் பொறுப்பெடுத்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தம்பி கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். அந்தக் குணத்துக்கான விலையை எப்போதும் வேறொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அறையை வேண்டாமென்று சொல்லக் கமலநாயகி மறுபடி தொலைபேசி எடுத்தாள். ஹொட்டேல்காரியின் பெயர் டார்லீன். கமலநாயகி பாதி ஜேர்மனாகிப்போன ஆங்கிலத்தில் வர முடியாத கதையைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நாக்கு பழக்கதோஷத்தில் தன் வேலையைப் பார்த்தது. எங்கள் ஆட்கள் எந்தப் பேச்சையும் சும்மா முடிப்பதில்லை. பஸ் ஓட்டுநரிடம் வழி கேட்டாலும் கடைசியில், நீங்களும் ஒருக்கா எங்கடை பக்கம் வாங்கோவன் என்று சொல்லித்தான் விடைபெறுவார்கள். கேட்டவரும் ஓம், வாறம் என்பார். இருவருக்கும் தெரியும், யாரும் வரமாட்டார்கள். அது கதவைச் சாத்துகிற சத்தம்போல ஒன்று. கமலநாயகி அதைத்தான் சொன்னாள், உங்கடை ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ என்று ஒரு சொல் கூடுதலாக. ஆனால் டார்லீன் யாழ்ப்பாணத்தாள் இல்லை. தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அங்கே இருந்தவர்களிடம் என்னவோ கேட்டாள், பிறகு மிகவும் சந்தோசமென்றும் எப்போது வரலாமென்றும் விசாரித்தாள். எப்பவும் வரலாம் என்றாள் கமலநாயகி.

ஒஸ்லோவுக்குப் புறப்படச் சூட்கேசுகளைக் கட்டி வாசலில் வைத்த காலையில், அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால், கையில் செரிப்பழக் கேக்கோடு டார்லீன். அவளுக்குப் பின்னால் படிகளிலும், முற்றத்திலும், தெருவின் இரண்டு பக்கத்திலும் ஹார்லோ பென்ட் நின்றது. ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு கேக். அவர்களுக்கும் பின்னால், முழங்கால் உயரச் சோளத்துக்கு நடுவே கடைத்தெருவும் அதன் விளக்குக் கம்பங்களும் தெரிந்தன. அவர்களுடைய ஆறு கால்வாய்க்குப் பக்கத்தில் வந்து படுத்து, படகுகளுக்கு மரியாதையாக வழிவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தை விட்டுவிட்டு ஒஸ்லோவுக்குப் போவதெப்படி? பரராசசிங்கம் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். ஆக்கள் வந்திட்டினம் என்றார். எத்தனை பேர் என்று தம்பி கேட்டதற்கு, ஓர் ஊர் என்றார். தம்பிக்கு விளங்கியது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அப்படி நடந்திருக்கிறது.

நகரசபையிலிருந்து ஓர் அலுவலர் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர். குடியிருக்க வந்தீர்களா, பார்க்க வந்தீர்களா என்று கேட்டார். பார்க்க வந்தோம், ஒரு கிழமைதான் என்றார் ஹார்லோ பென்டின் மேயர். மூன்று மாதத்துக்குக் குறைவானால் பதிவு தேவையில்லை என்றார் அலுவலர். தண்ணீர்த் தாங்கி மட்டும் அந்த வயலில் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கு மேல் இருப்பதால் அதற்கொரு அன்ட்ராக், விண்ணப்பம், போட வேண்டும் என்று சொல்லி, நேரில் வர நவம்பரில் ஒரு நாளை டேர்மினாகக் கொடுத்தார். நவம்பருக்கு முன் ஊர் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் எல்லாருக்கும் திருப்தி. சோளம் விதைத்தவருக்கு இரண்டு கேக் கொடுத்தார்கள்.

கமலநாயகியின் சீவியம் அன்றிலிருந்து நாசமாயிற்று. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, ஆகவே தட்டுகளை வெறுந் தட்டாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. அது அவள் உடம்பில் ஊறிய சட்டம். கேக்கை எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவி, அதில் ரோல்ஸோ வடையோ வைத்துக் கொடுத்தாள். ஹார்லோ பென்ட்காரர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். இவ்வளவு நல்ல பலகாரம் வந்த தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர்களும் வெறுமனே கொடுக்கவில்லை, கேக் வைத்துக் கொடுத்தார்கள். கேக் வந்தது, ரோல்ஸ் போனது, ரோல்ஸ் போனது, கேக் வந்தது. பல்கனியில் கேக்குகள் மேல்வீட்டு ஜேர்மன்காரியின் பல்கனியைத் தொடும்வரை உயர்ந்தன. உருளைக்கிழங்கு அவித்து அவித்துச் சுவர் வியர்த்தது. கொறற்றி வேலை முடிந்து வந்து மைதா குழைத்தாள். கமலநாயகி மறுபடியும் வெங்காயம் வெட்டினாள், இம்முறை தன்னுடைய குசினியில். லீவு ஒரு கிழமை கழிந்தது.

பரராசசிங்கமோ பத்து வயது குறைந்தவராகத் திரிந்தார். அவருக்கு இவ்வளவு ஆட்கள் ஒருசேரக் கிடைத்ததில்லை. ஒவ்வொருவரையும் இருத்திவைத்து விசாரித்தார். மேயரின் மனைவிக்குக் காலமான தன் குஞ்சியம்மாவின் நாடி அப்படியே இருக்கிறதென்று இரண்டாம் நாளே கண்டுபிடித்தார். அந்தக் கணக்கில் மேயர் சித்தப்பாமுறை. தபால்காரர் மச்சான். மச்சான் என்று கூப்பிட்டதும் தபால்காரரும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். நான்காம் நாள் அந்த ஊர் முழுக்கச் சொந்தமாகிவிட்டது. ஹார்லோ பென்டின் பிள்ளைகள் குசினி வாசலில் வந்து, "அன்ரி, தேத்தண்ணி" என்று தெளிவாகச் சொன்னார்கள். பொத்தான் அருங்காட்சியகத்தின் காப்பாளர், தலை நரைத்த மனிதர், "அக்கா, உப்புக் கொஞ்சம் குறைவு" என்றார்.

அன்றைக்குக் கமலநாயகி குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். உலகத்தில் அவளைத் தெரியாத ஊர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் தேடிப்பிடிக்க அவளுக்கு முப்பத்துச் சொச்சம் வருடம் எடுத்தது. இப்போது அந்த ஊரும் அவளை அக்கா என்கிறது, உப்புப் பார்க்கிறது. இனி எங்கே போவது? வெளியே ஆறு பேர் வரிசையில் நின்று, அன்ரி முடிஞ்சுதோ என்று தட்டினார்கள்.

அடுத்த நாள் பரராசசிங்கம் தங்கள் மகன் தாரகனின் கலியாண வீடியோவைப் போட்டார். வீட்டுக்குள் இடம் போதாதென்று கார் நிறுத்துமிடத்தில் இரண்டு படுக்கைவிரிப்பைச் சேர்த்துத் தைத்துக் கட்டி, அதிலே காட்டினார். ஹார்லோ பென்ட் முழுதும் வந்து நாற்காலி போட்டு இருந்தது. அவர்கள் ஊரில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, ஆகவே தாலிக்குப் பொன்னுருக்கலிலிருந்தே கண் எடுக்காமல் பார்த்தார்கள். பரராசசிங்கம் ஒவ்வொரு முகமாக நிறுத்தி, இது ஆர், யாருக்கு என்ன முறை, இப்போது எந்த நாட்டில் என்று விளக்கினார். கமலநாயகி தேத்தண்ணித் தட்டத்தோடு வெளியே வந்தவள், அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்கு மேலால், வயலில் நின்ற ஊரைப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லை என்பது அவள் மண்டையில் இறங்கச் சற்று நேரம் எடுத்தது.

தட்டத்தைக் கொறற்றியிடம் கொடுத்தாள். ஒஸ்லோவுக்கென்று கட்டிய சூட்கேஸ் வாசலில் அப்படியே நின்றது. அதை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் நடந்தாள். பால் வாங்கப் போகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

கடைத்தெருவில் சமிக்ஞை விளக்கு யாருக்காகவோ பச்சையாகி, யாருக்காகவோ சிவப்பாயிற்று. கமலநாயகி நடுத்தெருவில் நடந்தாள். கேக் கடையில் கேக் இல்லை, எல்லாம் அவளுடைய பல்கனியில் இருந்தன. கோப்பி இருந்தது. ஒரு கோப்பையை ஊற்றிக்கொண்டு சன்னலோரம் இருந்து குடித்தாள். இன்னொரு கோப்பை குடித்தாள். யாரும் சீனி கேட்கவில்லை. ஹொட்டேலில் ஓர் அறைத் திறப்பை எடுத்து மேலே போய், கட்டிலில் விழுந்து, பகல் முழுக்கப் படுத்தாள். எழும்பிப் பொத்தான் அருங்காட்சியகத்துக்குப் போய் எலும்பில் செய்தது, சிப்பியில் செய்தது, ஏதோவொரு போர்வீரனின் வயிற்றில் அறுந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கெதியாப் பாரும், சனம் காத்துக்கொண்டு நிக்குது என்று சொல்ல ஆளில்லை. அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. வெறும் சந்தோசம், வேறொன்றும் கலக்காதது. அப்படியொன்று இருக்கிறதென்று மறந்திருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் வீடியோ மூன்றாம் நாளாக ஓடியது. அவள் ஹொட்டேலில் இருக்கிறாள், களைப்பாறட்டும் என்று கொறற்றி சொல்லிவைத்ததால் ஒருவரும் தேடவில்லை. மேடையில் குடும்பம் குடும்பமாக ஏறிப் படமெடுக்கும் கட்டம் வந்திருந்தது, யாழ்ப்பாணக் கலியாணம் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நீளும் என்று தெரியும். ஹார்லோ பென்ட் புறப்பட வேண்டிய விடியல் வந்தபோதும் பெண்ணுடைய தாய்மாமன் வழி முடியவில்லை. ஆட்கள் எழும்பவில்லை. ஊருக்கு அவர்களைப்போல இளகிய மனம் இல்லை, அது நேரம் தவறாதது. விடிந்து பார்த்தபோது வயலில் சதுரம் சதுரமாகப் படுத்த சோளம் மட்டும் இருந்தது. தபால்கார மச்சான் நாற்காலியிலிருந்து எழும்பி அந்த வெளியைப் பார்த்து, ஓ என்றார். பிறகு இருந்து மிச்ச வீடியோவைப் பார்த்தார்.

பரராசசிங்கம் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"எங்கை நிக்கிறீர்?"

"அமெரிக்காவிலை."

"என்னெண்டு போனனீர்?"

"நித்திரையிலை போட்டன். எழும்ப இஞ்சை நிக்கிறன்."

"எப்ப வாறீர்?"

"லீவு முடிய."

அவருக்குப் பின்னால் பிள்ளைகள் பசி என்று தமிழில் அழுதார்கள். "இஞ்சை ஊர் முழுக்க இருக்கு. சமையலுக்கு நான் என்ன செய்ய?" என்றார்.

"அரிசி கீழ்த்தட்டிலை இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கமலநாயகி தொலைபேசியை வைத்தாள். பத்து நிமிடம் பொறுத்துச் சிரிப்பு வந்தது.

ஊர் விட்டுப்போனவர்களைப் பார்த்துத் தமிழ்ச்சனம் பதறவில்லை. திடீரென்று ஊரில்லாமல் நிற்பவர்களோடு என்ன செய்வதென்பது, இந்த உலகத்தில் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விடயங்களில் ஒன்று. கொறற்றி நாலு பேருக்குத் தகவல் சொல்ல, டோட்மூண்டிலிருந்தும் எஸனிலிருந்தும் கார்கள் வந்து வீட்டுக்கு ஒரு குடும்பமாக ஏற்றிப்போயின. எண்பத்தைந்தாம் ஆண்டு அகதியாக வந்து எல்லா அலுவலகத்தின் நடைவழிகளிலும் காத்திருந்த சிற்றம்பலத்தார், அமெரிக்கர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுத்தார். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கக் கூடாது, காற்று அடிக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். முதலில் வாங்க வேண்டியது குளிர்ச்சட்டை. உங்கள் நாட்டில் உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டால் என்ன சொல்வது என்று மேயர் சித்தப்பா கேட்டார். நாடு எழும்பிப் போட்டுது எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ, நாங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னனாங்கள் என்றார் சிற்றம்பலத்தார்.

பரராசசிங்கத்தின் வீட்டில் மிஞ்சியது டார்லீனின் குடும்பமும் தபால்காரரும் இன்னும் சிலரும். முதல் நாள் சோறு கஞ்சியாயிற்று. இரண்டாம் நாள் கருகியது. மூன்றாம் நாள் பரராசசிங்கம் வெங்காயம் வெட்ட இருந்தார். ஒரு சாக்கை வெட்டி முடித்தபோது கண் சிவந்து, முதுகு பிடித்து, பொழுதும் போயிருந்தது. வெளியே மழை பெய்து விட்டதைக்கூட அவர் பார்க்கவில்லை. அப்படியே கத்தியும் கையுமாகக் கனநேரம் இருந்தார். அப்போது அவருக்கு என்ன தோன்றியதென்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு ஒஸ்லோத் தம்பி தொலைபேசி எடுத்து, வருகிற வருடம் கோடையில் வீடு குடிபுகுகிறோம், மூன்று கிழமையும் இங்கே நிற்க வேண்டும் என்றபோது, அவர் தன் வாழ்நாளில் முதன்முறையாக, "ஏலாது தம்பி" என்றார். சொன்ன பிறகு கூரையைப் பார்த்தார். அது இடத்தில்தான் இருந்தது.

கமலநாயகி அமெரிக்காவில் மிச்ச லீவைக் கழித்தாள். நெடுஞ்சாலையால் போகிறவர்கள் எப்போதாவது காரை நிறுத்தி, ஊரில் யாரும் இல்லையா என்பார்கள். நான் இருக்கிறேன் என்பாள். ஒருநாள் பின்னேரம் நீச்சல்குளத்தைச் சுற்றி நாலுதரம் நடந்து, ஒருவரும் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, உடுத்திருந்த சோட்டியோடு தண்ணீருக்குள் இறங்கினாள். நீந்தத் தெரியாது. மல்லாந்து படுத்துப் பார்த்தாள். தண்ணீர் அவளைத் தூக்கிப் பிடித்தது, பிறகு தண்ணீருக்கு மேலேயும் ஒரு சாண் தூக்கியது. சோட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிய, இருட்டும்வரை அவள் அந்த உயரத்திலேயே கிடந்தாள். பிறகு இறங்கித் தலையைத் துவட்டினாள்.

கடைசி ஞாயிறு, சூட்கேசைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவின் நடுவில் வந்து நின்றாள். "நாளைக்கு எனக்கு ஆறு மணிக்கு வேலை," என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். இத்தனை வருடத்தில் ஒரு வேலைநாளும் பிந்தாதவள் என்பது ஊருக்கும் விளங்கியிருக்க வேண்டும். திங்கள் விடிய ஹார்லோ பென்ட் சோள வயலில் நின்றது, அதே தடத்தில், மிச்சச் சோளத்துக்குச் சேதமில்லாமல். கமலநாயகி வீட்டுக்குப் போகாமல் சூட்கேசோடு நேரே சலவைப் பகுதிக்குப் போனாள்.

கொறற்றி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எப்பிடி லீவு?"

"நல்லாயிருந்தது."

"ஆரைப் பாத்தனீர்?"

"ஒருத்தரையும் பாக்கேல்லை."

கொறற்றி மடிப்பை நிறுத்தினாள். கையிலிருந்த விரிப்பின் மற்ற நுனியைக் கமலநாயகி எடுத்துக்கொடுக்கும்வரை அவள் அசையவில்லை.

ஊர்க்காரர்கள் ஊரில் ஏறிப் போனார்கள். டோட்மூண்டில் தமிழ்க்கடையில் நல்ல சம்பளத்துக்கு நின்ற ஒரு குடும்பம் மட்டும் போகவில்லை. அடுத்த வருடம் தேர் முடிந்த கிழமை ஹார்லோ பென்ட் கேட்காமலே வந்தது. ஆட்கள் பரராசசிங்கத்தின் முற்றத்துக்கும் டோட்மூண்ட், எஸன் வீடுகளுக்கும் போக, கமலநாயகி அவர்களுக்கு எதிர்த்திசையில் சூட்கேசோடு போனாள். வழியில் சந்தித்து வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். இப்போது அந்த வயலில் விவசாயி விதைக்கும்போதே தெருவுக்கு இடம் விடுகிறார். நவம்பர் டேர்மினுக்கு யாரும் போகாததால், தண்ணீர்த் தாங்கியின் அன்ட்ராக் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கடிதம் வந்தது.

மூன்றாம் வருடம் புறப்படுவதற்கு முதல்நாள், பரராசசிங்கம் குசினி வாசலில் வந்து நின்றார். அவர் இப்போது தட்டுகளுக்கு ரோல்ஸ் போடுவதில் கெட்டிக்காரர்.

"நானும் வரட்டோ?" என்றார்.

கமலநாயகி அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு முழு உரிமையும் இருந்தது, அதைச் சொல்லவும் வாய் வந்தது. அந்த வெறுந்தெருவும் சன்னலோரக் கோப்பியும் அவளுடையவை. அதற்குள் இவரை விட்டால் இவருக்குப் பின்னால் தம்பி வரலாம், தம்பிக்குப் பின்னால் ஒஸ்லோ வரலாம்.

"வாங்கோ," என்றாள். "ஆனா உங்களை எனக்குத் தெரியாது. வேறை அறை எடுங்கோ."

அவர் ஓம் என்றார். தொலைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு, சின்னப் பையொன்றோடு அவளுக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்தார். கலியாணத்துக்கு முன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது ஒரு படத்தில் மட்டும். அதன் பிறகு பார்க்க நேரம் கிடைக்கவில்லை, எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். முதல் இரண்டு நாள் அவர் கேக் கடையில் வேறு மேசையில் இருந்து கோப்பி குடித்தார். பொத்தான் பார்க்கத் தனியே போனார். நடுத்தெருவில் எதிர்ப்பட்டபோது தலையசைத்து ஒதுங்கி நடந்தார், அவரை மறித்து நிறுத்திக் கதைக்கக் கமலநாயகிக்கே ஒருமுறை ஆசை வந்தது. மூன்றாம் நாள் காலை அவர் வெளுத்த சேர்ட்டைப் போட்டு, தலையை நனைத்துச் சீவிக்கொண்டு அவளுடைய மேசைக்கு வந்தார்.

"இதிலை இருக்கலாமோ?" என்று கேட்டார்.

கடை முழுக்க நாற்காலிகள் வெறுமனே கிடந்தன. கமலநாயகி அவற்றையெல்லாம் ஒருதரம் சுற்றிப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பார்க்கும்படிதான் இருந்தார்.

"இருங்கோ," என்றாள்.

அவர் இருந்தார். அந்த முன்நேரம் முழுக்க அவர் யாருடைய பேரையும் எடுக்கவில்லை. பின்னேரம் இருவரும் நீச்சல்குளத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். அவர் கொஞ்சம் பாரமானவர் என்பதால் ஒரு விரற்கடை தாழ்ந்து கிடந்தார்.